அடைகோழி வளர்த்த மயில்குஞ்சு: கருந்தலை நோய் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்தில், ஜவ்வாது மலையடிவாரத்தை ஒட்டிய ஒரு சிற்றூரிலிருந்து ஐப்பசிக் கடைசியில் மயில்குஞ்சு ஒன்று கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுவரப்பட்டது. வயது ஏறத்தாழ மூன்று மாதம். வனக்காப்பாளர் ஒருவரும், குஞ்சை வளர்த்த வீட்டு மூதாட்டியும் உடன் வந்திருந்தனர். அட்டைப்பெட்டியில் உயிருள்ள குஞ்சும், தனியே ஒரு பிளாஸ்டிக் பையில் அன்று விடியற்காலையில் இறந்த அதன் உடன்பிறப்பும் இருந்தன. மூன்றாவது குஞ்சு ஒன்று வீட்டில் நலமாக இருப்பதாகச் சொன்னார்கள்.

மயில் சோர்ந்து விழுந்தால் இப்பகுதியில் முதலில் எழும் ஐயம் நஞ்சு; அடுத்தது வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோய். இரண்டுக்கும் காரணம் உண்டு. மயில்கள் கொல்லையில் இறங்கி விதையைப் பொறுக்குகின்றன, அவ்விதை பூச்சிமருந்தில் புரட்டியதாக இருக்கக்கூடும். ராணிக்கெட் நோயோ ஆண்டுதோறும் ஊர்க்கோழிகளை அள்ளிச் செல்கிறது. ஆனால் கோழியோடு சேர்ந்து வளர்ந்த மயில்குஞ்சு என்றால் இவ்விரண்டுக்கும் முன்னதாக நினைவுக்கு வரவேண்டிய நோய் ஒன்று உண்டு. அதைக் கண்டறிந்த வழியையும், மருந்தைத் தேர்ந்ததற்கான காரணங்களையும் இங்கே பதிவு செய்கிறேன்.

நோய் வரலாறு

ஆடி மாதத் தொடக்கத்தில் மல்லாட்டை (நிலக்கடலை) கொல்லையில் களையெடுத்த பெண்கள் செடிகளுக்கு நடுவே நான்கு மயில் முட்டைகளைக் கண்டிருக்கிறார்கள். ஆள் நடமாட்டத்தில் கலைந்துபோன பெட்டை மயில் மாலைவரை திரும்பவில்லை. நாய் தின்றுவிடும் என்று பயந்து முட்டைகளை வீட்டுக்கு எடுத்துவந்து, அப்போதுதான் அடையில் உட்கார்ந்திருந்த நாட்டுக்கோழிக்கு வைத்துவிட்டார் மூதாட்டி. கோழிமுட்டை 21 நாளில் பொரியும். மயில் முட்டைக்கு ஏறக்குறைய 28 நாள் ஆகும். அந்தக் கூடுதல் ஒரு வாரமும் கோழி எழுந்துபோகாமல் உட்கார்ந்திருந்ததால் மூன்று குஞ்சுகள் பொரித்தன, ஒரு முட்டை கூழானது.

இவ்விடத்தில் சட்டத்தைச் சொல்லியாக வேண்டும். மயில் 1963 முதல் நாட்டின் தேசியப் பறவை. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. முட்டையை எடுப்பதும் குஞ்சை வீட்டில் வளர்ப்பதும், நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அச்சட்டத்துக்கு உட்பட்ட குற்றமே. முட்டையைக் கண்ட அன்றே வனத்துறைக்குச் சொல்லியிருக்க வேண்டும். முதல் குஞ்சு சாகும் நிலைக்கு வந்த பிறகுதான் ஊரார் ஒருவர் மூலம் செய்தி போயிருக்கிறது. நோய் வரலாறு கேட்கும்போது இது வெறும் சட்டச் சிக்கலாக நின்றுவிடுவதில்லை: சீருடையில் ஒருவர் பக்கத்தில் நிற்க, என்ன தீனி கொடுத்தீர்கள், எங்கே மேய விட்டீர்கள் என்று கேட்டால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். நிலைமையைப் புரிந்துகொண்ட வனக்காப்பாளர் சற்று நேரம் வெளியே இருக்க இசைந்தார். நோயின் மூலம் அந்தச் சற்று நேரத்தில்தான் தெரியவந்தது.

மூதாட்டி சொன்னதை அவர் வாய்மொழியிலேயே குறித்துக்கொண்டேன். "நாலு நாளா ஒரே எடத்துல குந்திக்கினு கீது சார். தீனி போட்டா வந்து பாக்குது, துன்ன மாட்டேங்குது. றெக்கைய தொங்க வுட்டுக்கினு கண்ண மூடிக்கிது." எச்சம் எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, "மஞ்சளா தண்ணி தண்ணியா போவுது" என்றார். இறந்த குஞ்சுக்கும் அதே குறிகள்தாம், இரண்டு நாள் முன்னதாகத் தொடங்கியிருந்தன. கோழிகளில் ஒன்றுகூடச் சாகவில்லை. அடைவைத்த தாய்க்கோழி உட்பட எல்லாம் இரையெடுத்துக்கொண்டு திரிந்தன. கடையில் வாங்கிய டெட்ராசைக்ளின் தூளை இரண்டு நாள் தண்ணீரில் கலந்து வைத்தும் பயனில்லை.

தீனி என்று பார்த்தால் நொய், பழைய சோறு, கொஞ்சம் கேழ்வரகு. அத்துடன், ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து பேரப்பிள்ளைகள் எருக்குழி ஓரத்தைக் கிளறி மண்புழு எடுத்துப் போட்டிருக்கிறார்கள். "ஆசையா துன்னும் சார், போட்டி போட்டுக்கினு துன்னும்" என்றார் மூதாட்டி. மழை தொடங்கி இரண்டு வாரத்துக்குச் சற்று மேலாகியிருந்தது. நலமாக இருக்கும் மூன்றாவது குஞ்சு கூச்சமுள்ளது, பிள்ளைகள் கைக்கு வராது என்பதையும் அவரே சொன்னார்.

உடற்பரிசோதனை

மயிலைக் கையாளுவதில் அவசரம் கூடாது. பயந்து துள்ளும் பறவை நீண்ட காலை முறித்துக்கொள்ளும். கடும் அதிர்ச்சியால் தசை சிதைந்து, நோய்க்குத் தப்பியது பிடிக்குத் தப்பாமல் போவதும் உண்டு. தலைமேல் மெல்லிய துணியைப் போர்த்தி, இறக்கைகளை உடலோடு அணைத்து, இரு கால்களையும் விரலிடை கொடுத்துப் பிடித்துத்தான் பரிசோதனை நடந்தது. இந்தக் குஞ்சு துள்ளவே இல்லை. அதுவே நல்ல குறியல்ல.

எடை 700 கிராம். மார்பெலும்பின் விளிம்பு கத்தியாக விரலில் தட்டுப்பட்டது. இரு பக்கத் தசையும் வற்றியிருந்தது. உடல்வெப்பம் 39 டிகிரி செல்சியஸ். பறவைக்கு 40க்கும் 42க்கும் இடையே இருக்கவேண்டியது. கண்கள் குழிந்து, வாயின் உட்பக்கம் பிசுபிசுத்து, தொடையருகே தோலைக் கிள்ளினால் மடிப்பு அப்படியே நின்றது. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்காவது நீர் வற்றியிருக்கும் என்று கணக்கிட்டேன். தீனிப்பை வெறுமை. எச்சவாயைச் சுற்றியுள்ள இறகுகள் மஞ்சள் எச்சத்தில் ஒட்டிக் கிடந்தன.

இல்லாதவை எவை என்பதும் இங்கே முக்கியம். கண்மணி சுருங்கிப் புள்ளியாக இல்லை, வெளிச்சத்துக்கு இயல்பாக விரிந்து சுருங்கியது. எச்சில் ஒழுகவில்லை, தசை துடிக்கவில்லை. ஆகவே ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து நஞ்சு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு, அதற்கு முறிமருந்தான அட்ரோபின் போடத் தேவையில்லை. கழுத்து திருகவில்லை, மூச்சுத் திணறவில்லை, நாசியிலோ கண்ணடியிலோ வீக்கம் இல்லை. வாய்க்குள்ளும் தொண்டையிலும் மஞ்சள் படலம் இல்லை. அறையை இருட்டாக்கி, கழுத்துத் தோலை நனைத்து, பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பார்த்ததில் மூச்சுக்குழலுக்குள் செந்நிறப் புழு எதுவும் தென்படவில்லை. முகத்தில் அம்மைக் கொப்புளம் இல்லை. மழைக்காலக் கொசுவால் மயில்குஞ்சுகளுக்கு அம்மை வருவது சாதாரணம் என்பதால் இதையும் தேடினேன். கால்விரல்கள் நேராக இருந்தன.

தலை கறுத்திருக்கவில்லை. நோய்க்குப் பெயர் கருந்தலை என்றாலும் இக்குறி மயிலில் பெரும்பாலும் தெரிவதில்லை, அதற்காகக் காத்திருந்தால் பறவை தங்காது.

இறந்த குஞ்சு

முதல் அட்டவணைப் பறவையின் உடலை மருத்துவர் தம் விருப்பப்படி அறுத்துப் பார்க்க இயலாது. வனக்காப்பாளர் தம் அலுவலகத்தைத் தொடர்புகொண்டு, வனவர் வந்து சேர்ந்து, எழுத்துமூலம் வேண்டுகோள் தந்த பிறகே உடற்கூறாய்வு தொடங்கியது. அதற்கு முன் இன்னொரு கேள்விக்கும் விடை தேவைப்பட்டது. ஒரே இடத்தில் பறவைகள் அடுத்தடுத்துச் சாகும்போது பறவைக் காய்ச்சலை மனத்தில் கொள்ளாமல் கத்தியை எடுப்பது தவறு. அவ்வகை ஐயம் இருந்தால் உடலைத் திறக்காமல் மேலலுவலர்களுக்குத் தெரிவித்து, மாதிரியை போபாலிலுள்ள தேசிய ஆய்வகத்துக்கு அனுப்பும் வழியைத்தான் பின்பற்ற வேண்டும். இங்கே அதே முற்றத்தில் தடுப்பூசி எதுவும் போடாத கோழிகள் ஒன்றுகூட நோயுறாமல் இருந்தன. பறவைக் காய்ச்சலோ ராணிக்கெட்டோ கோழியை விட்டுவிட்டு மயிலை மட்டும் தேர்ந்தெடுப்பதில்லை. அந்த ஒரு செய்தியை நம்பி, முகக்கவசமும் கையுறையும் அணிந்து உடலைத் திறந்தேன்.

கல்லீரல் தன் இயல்பான அளவைவிடப் பெருத்திருந்தது. அதன் மேற்பரப்பில் வட்ட வட்டமான புண்கள்: நடுப்பகுதி குழிந்து மஞ்சள் கலந்த பச்சையாகவும், விளிம்பு சற்றே மேடிட்டும் இருந்தன, பெரியவை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் அகலம். இரண்டு குருட்டுக்குடல்களும் விரல் கனத்துக்கு வீங்கி, சுவர் தடித்து, உள்ளே பாலாடைக்கட்டி போன்ற உலர்ந்த மஞ்சள் திரளால் அடைபட்டிருந்தன. திரளைப் பிரித்தெடுத்துக் கழுவியபோது ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு வெண்ணிறப் புழுக்கள் சில கிடைத்தன. குருட்டுக்குடல் புழுவான ஹெட்டராகிஸ் அது. மூச்சுக்குழல், நுரையீரல், மூளை, அரைவைப்பை ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை; முன் இரைப்பையில் ராணிக்கெட்டில் காணும் இரத்தப் புள்ளிகளும் இல்லை.

கல்லீரலில் இவ்வகை வட்டப் புண்ணும் குருட்டுக்குடலில் இவ்வகை அடைப்பும் ஒரே உடலில் சேர்ந்து காணப்பட்டால், அது ஹிஸ்டோமோனாஸ் என்னும் ஓரணு உயிரியால் வரும் கருந்தலை நோய் என்று பெரும்பாலும் துணிந்து சொல்லலாம். உறுதிப்படுத்துவதற்காகக் கல்லீரல், குருட்டுக்குடல் துண்டுகளை 10 விழுக்காடு பார்மலினில் இட்டு நோய்க்குறியியல் ஆய்வகத்துக்கு அனுப்பினேன். முடிவு சில வாரங்கள் கழித்துத்தான் வந்தது, ஐயத்தை உறுதியும் செய்தது. உயிரோடிருக்கும் குஞ்சுக்கு அந்த அவகாசம் இல்லை. உடலின் எஞ்சிய பகுதி வனத்துறையினர் முன்னிலையில் எரிக்கப்பட்டது.

எச்ச ஆய்வு

மயில், கோழி முதலியவை இரண்டு வகை எச்சம் இடும். வெண்ணிறச் சிறுநீர்ப்பகுதி மூடிய கட்டியான எச்சம் வழக்கமானது. குருட்டுக்குடலிலிருந்து வரும் கூழான, நாற்றம் மிகுந்த எச்சம் நாளில் சில தடவைகளே விழும். ஹிஸ்டோமோனாஸைத் தேடவேண்டியது இரண்டாவதில். அதுவும் விழுந்த உடனே தேடவேண்டும். இவ்வுயிரி உடலுக்கு வெளியே தனியாக இருக்கையில் சில மணி நேரத்துக்குமேல் தாங்காது. எச்சம் ஆறியதும் அசைவு நின்றுவிடும், அசைவு நின்றபின் அதைச் சிதைந்த குடல் அணுக்களிலிருந்து பிரித்தறிவது கடினம். ஆய்வகத்துக்கு மறுநாள் போய்ச் சேரும் மாதிரியில் 'எதுவும் இல்லை' என்று முடிவு வருவதற்கும், நோய் இல்லை என்பதற்கும் வெகுதூரம்.

வெப்பமேடை உள்ள நுண்ணோக்கி கிராமப்புற மருந்தகத்தில் எதிர்பார்க்கக்கூடியதன்று. வெந்நீர் நிரப்பிய தட்டையான புட்டியின்மேல் கண்ணாடித் தகடுகளையும் உப்புநீரையும் வைத்துச் சூடாக்கிக்கொண்டு, குஞ்சைச் சுத்தமான பாலித்தீன் விரித்த பெட்டியில் விட்டுக் காத்திருந்தோம். கந்தக மஞ்சள் நிறத்தில் எச்சம் விழுந்ததும் ஒரு துளியை வெதுவெதுப்பான உப்புநீரில் கலந்து பார்த்தபோது, உருண்டை வடிவச் சிற்றுயிரிகள் தம்மிடத்திலேயே சிறு சிறு உந்தல்களாகச் சுழல்வதும், உருவம் நெளிந்து மாறுவதும் தெரிந்தன. குருட்டுக்குடலில் டிரைக்கோமோனாஸ் வகை உயிரிகளும் தீங்கின்றி வாழ்வதுண்டு. அவை வெடுக்கெனத் துள்ளி இடம்விட்டு இடம் பாயும், உடலோரத்தில் அலையும் சவ்வு தெரியும். இங்கே கண்டவை அப்படி நகரவில்லை.

எச்சத்தின் இன்னொரு பகுதியைச் சமையலுப்பின் செறிவுக் கரைசலில் மிதக்கவிட்டுப் பார்த்ததில் தடித்த ஓடுள்ள நீள்வட்டப் புழுமுட்டைகள் நிறையவும், இரத்தக்கழிச்சலை உண்டாக்கும் காக்சிடியா முட்டைகள் ஒன்றிரண்டும் இருந்தன. ஹெட்டராகிஸ் முட்டையும் பெருவட்டப் புழுவின் முட்டையும் தோற்றத்தில் ஏறத்தாழ ஒன்றே. இறந்த குஞ்சின் குருட்டுக்குடலில் புழுவையே கண்ணால் கண்டிருந்ததால் இங்கே குழப்பம் எழவில்லை.

இந்நோய் எப்படிப் பரவுகிறது என்பது நூறாண்டுக்கு முன்பே துலக்கமான செய்தி. 1895இல் அமெரிக்காவில் வான்கோழிகளை ஆராய்ந்த தியோபால்ட் ஸ்மித் இந்த ஓரணு உயிரியைக் கண்டு விவரித்தார். 1920இல் அவரும் கிரேபிலும் சேர்ந்து, நோயைக் கடத்துவதில் குருட்டுக்குடல் புழுவின் முட்டைக்கு உள்ள பங்கை நிறுவினர். அதே ஆண்டில் டைசர் இவ்வுயிரிக்கு ஹிஸ்டோமோனாஸ் என்று பெயரிட்டார். வெளியே சில மணி நேரத்துக்குமேல் தாங்காத உயிரி, புழுமுட்டையின் ஓட்டுக்குள் புகுந்துகொண்டால் ஈரமண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். மண்புழு அந்த முட்டைகளை மண்ணோடு விழுங்கி, தன்னுடலில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. கோழிக்கு இதனால் பெரிய கேடு வருவதில்லை. அது நோயைச் சுமந்தபடி, எச்சத்தில் முட்டையைக் கொட்டிக்கொண்டே நலமாகத் திரியும். வான்கோழியும் மயிலும்தான் மடியும். தொற்றிய 7 முதல் 12 நாளுக்குள் பொதுவாக நோய் வெளிப்படும். மழை, எருக்குழி மண்புழு, நோய் தொடங்கிய நாள் ஆகிய மூன்றும் இக்கணக்கில் பிசகின்றிப் பொருந்தின.

மருத்துவம்

முதல் நாளில் நோய்க்கிருமியைவிட அவசரமானது நீரிழப்பு. 700 கிராம் எடையில் பத்தில் ஒரு பங்கு என்றால் 70 மில்லிலிட்டர் குறை. அன்றாடத் தேவை கிலோவுக்கு 50 என்ற கணக்கில் 35. குறையில் பாதியையும் அன்றாடத் தேவையையும் சேர்த்து, முதல் 24 மணி நேரத்தில் 70 மில்லிலிட்டர் ரிங்கர் லாக்டேட் என்னும் உப்புக் கரைசலை உடல்வெப்பத்துக்குச் சூடாக்கி, தொடைமடிப்பின் தோலடியில் நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுத்தோம். எஞ்சிய குறையை அடுத்த இரு நாட்களுக்குப் பங்கிட்டோம். பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் விளக்கு போட்டு 30 டிகிரி வெப்பம் இருக்கும்படி செய்தோம். வெப்பம் வேண்டாதபோது குஞ்சு தானே விலகிக்கொள்ள மறுமூலை இருந்தது.

உடலில் நீர் ஏறுமுன் தீனிப்பையில் எதையும் ஊற்றக்கூடாது. வற்றிய உடம்பில் தீனிப்பை அசையாது, ஊற்றியது உள்ளேயே புளித்துவிடும். அன்று மாலை சற்றுத் தெளிவு வந்த பிறகே, மென்மையான ரப்பர் குழாயைக் கழுத்தின் வலப்புறமாகத் தீனிப்பைக்குள் செலுத்தி, ஊறவைத்து அரைத்த குஞ்சுத் தீவனமும் அவித்த முட்டைக்கருவும் கலந்த கஞ்சியை 15 மில்லிலிட்டர் கொடுத்தோம். மூச்சுக்குழல் வாய் நாக்கின் வேர்ப்பகுதிக்குப் பின்னால் நடுவாக இருப்பதால், அதைக் கண்ணால் பார்த்தபடியேதான் குழாயைச் செலுத்த வேண்டும்.

ஹிஸ்டோமோனாஸுக்கு மெட்ரோனிடசோலைத் தேர்ந்தேன். கிலோவுக்கு 30 மில்லிகிராம் வீதம், நாளுக்கு இருவேளை, ஏழு நாள். 5 மில்லிலிட்டரில் 200 மில்லிகிராம் உள்ள சிறுவர்களுக்கான திரவ மருந்தில் இக்குஞ்சுக்கு ஒரு வேளைக்கு அரை மில்லிலிட்டர்தான் வரும். அளவு மிஞ்சினால் நரம்பு பாதித்துத் தள்ளாட்டம் வரும் என்பதால் இன்சுலின் சிரிஞ்சில் அளந்து, காலைதோறும் எடை பார்த்து அளவைச் சரிசெய்தோம். மாத்திரையை உத்தேசமாக உடைத்துத் தண்ணீரில் கரைத்து வைக்கும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை: மருந்து கசப்பு, தண்ணீர் குடிக்காத நோய்ப் பறவை அதைத் தொடவே தொடாது. உணவுக்காக வளர்க்கும் கோழிக்கோ வான்கோழிக்கோ இம்மருந்தைக் கொடுக்கலாகாது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

வேறு நுண்ணுயிர்க்கொல்லி எதையும் சேர்க்கவில்லை. குருட்டுக்குடலில் ஹிஸ்டோமோனாஸ் கேடு விளைப்பதற்குக் குடல் நுண்ணுயிரிகளும் துணைபோகின்றன என்பது உண்மை; ஆனால் அவற்றில் காற்றில்லாச் சூழலில் வாழ்பவற்றை மெட்ரோனிடசோலே பார்த்துக்கொள்ளும். எதற்கும் இருக்கட்டும் என்று என்ரோபிளாக்சசினை எழுதிவிடும் பழக்கம் எங்களிடையே பரவலாக உண்டு. வளரும் பறவையின் மூட்டுக் குருத்தெலும்பை அது பாதிக்கக்கூடும், இங்கே அதற்குத் தேவையும் இல்லை. காக்சிடியாவுக்கான ஆம்புரோலியத்தையும் அதே காரணத்தால் தவிர்த்தேன். ஒன்றிரண்டு முட்டை தெரிந்ததற்காக, தயமின் சத்தோடு போட்டியிட்டு வேலை செய்யும் ஒரு மருந்தை மெலிந்த குஞ்சுக்குக் கொடுப்பதைவிட, எச்சம் கீழே விழுந்துவிடும் கம்பிவலைத் தரையில் அதை வைப்பதே போதும் என்று முடிவு செய்தேன். அதன்பின் அந்த எண்ணிக்கை கூடவில்லை.

புழுவுக்கு பென்பெண்டசோல், கிலோவுக்கு 20 மில்லிகிராம், நாளுக்கு ஒரு வேளை, மூன்று நாள். இதை முதல் நாளே தொடங்கவில்லை. குஞ்சு எழுந்து நிற்கட்டும் என்று மூன்றாம் நாள் வரை பொறுத்தோம். இறகு முளைக்கும் பருவத்தில் இம்மருந்து அளவு மிஞ்சினால் இறகு கோணலாகும் என்பதால் இதற்கும் எடைபார்த்தே அளவு. புழுவைக் கொல்லாமல் ஹிஸ்டோமோனாஸை மட்டும் ஒழித்தால் மருத்துவம் பாதியில் நின்றதாகும்.

இரண்டாம் நாள் முழுவதும் நிலைமை இழுபறியாகவே இருந்தது. எடை 680 கிராமுக்கு இறங்கியது. மூன்றாம் நாள் எச்சத்தில் மஞ்சள் குறைந்து, வெண்பகுதி தனியே தெரியத் தொடங்கியது. நான்காம் நாள் காலையில் மூதாட்டி ஒரு கரையான் பானையோடு வந்து நின்றார். பழம்பானையில் சாணமும் காய்ந்த ஓலையும் திணித்து, ஈரமண்ணில் இரவெல்லாம் கவிழ்த்து வைத்து, ஏறிய கரையானைக் குஞ்சுகளுக்கு உதிர்ப்பது இப்பக்கத்துப் பழைய வழக்கம். கரையானைத் தட்டில் உதிர்த்ததும் குஞ்சு தானாகக் கொத்தியது. மயில்குஞ்சுக்கு வேண்டிய அளவு புரதம் நொய்யில் கிடைப்பதில்லை. கரையானில் நிறைய உண்டு, மண்புழுவைப் போல இந்நோயைச் சுமந்துவரும் பழியும் அதன்மேல் இல்லை. அன்றுமுதல் குழாயை நிறுத்திவிட்டு, கோழிக்குஞ்சுத் தீவனத்தோடு கரையானையும் அவித்த முட்டையையும் கொடுத்தோம். பத்தாம் நாள் எடை 760 கிராம்.

வீட்டிலிருந்த மூன்றாவது குஞ்சை வனத்துறையினர் முதல் நாளே கொண்டுவந்தனர். எடை 950 கிராம், நோய்க்குறி எதுவும் இல்லை, எச்சத்தில் புழுமுட்டை மட்டும் ஒருசில. நலமாக இருப்பதற்கு மருந்து எதற்கு என்று வனவர் கேட்டது நியாயமான கேள்விதான். ஆயினும் ஒரே முற்றத்தில் ஒன்று இறந்து மற்றொன்று கிடையாய்க் கிடக்கையில், 12 நாள் காத்திருந்து பார்ப்பதற்கு இது ஏற்ற பறவையன்று என்று கருதி, இரண்டு மருந்துகளையும் அதே கணக்கில் கொடுத்தேன்.

முற்றமும் காடும்

மருந்து முடிந்தவுடன் குஞ்சுகளைக் காட்டில் விட்டுவிடலாம் என்பதே வனத்துறையினரின் முதல் எண்ணம். இரண்டு காரணங்களால் அதைத் தள்ளிவைக்கக் கேட்டுக்கொண்டேன். புழுமுட்டையைச் சுமந்த பறவையை மலையடிவாரத்தில் விட்டால், அங்குள்ள மயில்களுக்கும் காட்டுக்கோழிகளுக்கும் ஊர்முற்றத்து நோயை நாமே கொண்டுபோய்ச் சேர்த்ததாகும். ஆகவே இடைவெளி விட்டு எடுத்த எச்ச மாதிரிகள் தொடர்ந்து மூன்று தடவை தெளிவாக இருக்கவேண்டும் என்று வரையறுத்தோம். மற்றொன்று, காட்டு மயில் இரவில் மரத்தில் ஏறி அடையும். இவை கோழியோடு கூடைக்கடியில் படுத்து வளர்ந்தவை. தரையில் உறங்கும் மயில் முதல் வாரத்திலேயே நரிக்கோ நாய்க்கோ இரையாகும். வனத்துறையின் பொறுப்பில் வலையடைப்புக்குள் உயரமான கிளைகளைக் கட்டி, மாலையில் தரையில் தீனி இல்லாதபடி செய்ததில், சில வாரங்களில் இரண்டும் கிளையேறின. எச்சம் தெளிவான பிறகு, மயில் கூட்டம் நடமாடும் காட்டோரத்தில் வனச்சரகரின் அனுமதியோடு விடப்பட்டன.

வீட்டுக் கோழிகளின் எச்சத்தைச் சோதித்ததில், அடைவைத்த தாய்க்கோழியிடமே புழுமுட்டை மிகுதியாக இருந்தது. கோழிகளுக்குப் புழுநீக்க மருந்து கொடுத்து, மருந்து உடலைவிட்டு நீங்கும் விலகல் காலம் முடியும்வரை முட்டையும் கறியும் உண்ணவேண்டாம் என்று சொன்னோம். அவற்றுக்கு மெட்ரோனிடசோல் கொடுக்கவில்லை. அத்தோடு ராணிக்கெட் தடுப்பூசியும் போடப்பட்டது. அத்தடுப்பூசியைத் தயாரிக்கும் கால்நடை நோய்த்தடுப்பு மருத்துவ நிலையம் 1932 முதல் ராணிப்பேட்டையிலேயே இயங்கிவந்தும், அண்டையிலுள்ள இம்மலையடிவார ஊர்களில் நாட்டுக்கோழிக்குத் தடுப்பூசி போடும் வழக்கம் வேரூன்றவில்லை.

மண்தான் எஞ்சிய சிக்கல். பினாயில், சுண்ணாம்பு எதுவும் ஹெட்டராகிஸ் முட்டையின் ஓட்டை நம்பத்தக்க அளவில் துளைப்பதில்லை. அதைக் கொல்பவை நேர்வெயிலும் வறட்சியும். எருக்குழியைக் கோழி கிளறாதபடி முள்வேலி கட்டவும், முற்றத்து மேல்மண்ணைச் சித்திரையில் கொத்திப் புரட்டி வேலூர் வெயிலில் காயவிடவும் சொன்னேன். நிழலும் ஈரமும் உள்ள மூலைகளில் முட்டைகள் அதற்குப் பிறகும் தங்கும். வீட்டார் அடுத்த ஆண்டு வான்கோழிக் குஞ்சுகள் வாங்க எண்ணியிருந்தனர். மூதாட்டியின் மகன் அதைப்பற்றிக் கேட்டார். கோழிகள் அங்கே மேயும்வரையும், அவற்றை முற்றிலும் அகற்றினாலும் அதற்குப் பின் சில ஆண்டுகளுக்கும், அந்த முற்றத்தில் வான்கோழி வேண்டாம் என்றும், கட்டாயம் வளர்த்தே ஆகவேண்டுமானால் கோழிக் கால் படாத மேட்டு நிலத்தில் கம்பிவலைத் தரை போட்டு வளர்க்குமாறும் எழுதிக் கொடுத்தேன்.